நாக்கைத் தூக்குங்க!

காலை ஒன்பது மணி. ஸ்டேஷனில் போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் எடுத்தார்.

"சார்... எதிர் வீட்டம்மா அவங்க வீட்டுக்காரருக்கு விஷம் குடுத்துட்டாங்க..."

"நீங்க பாத்தீங்களா?"

"மூணு நாளா ஜன்னல் வழியா பாக்கறேன் சார். வாயைத் திறங்க, முழுங்குங்க, நாக்கைத் தூக்கிக் காட்டுங்கன்னு ஒரே மிரட்டல். இன்னிக்கு மனுஷன் சாஞ்சுட்டார். பக்கத்து க்ளினிக்குக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க."

பதினைந்தாவது நிமிஷம் இன்ஸ்பெக்டர் க்ளினிக்கில் இருந்தார்.

வெளியே பெஞ்சில் நாற்பது பேர். உள்ளே கட்டிலில் அந்த மனிதர்... முகம் வெளுத்து, கண் செருகி, கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"ப்ரஷர் எழுபதுக்கு நாப்பது" என்றாள் நர்ஸ்.

பக்கத்தில் மனைவி. போன வாரம் ரிட்டயரான தலைமையாசிரியை. முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்தவர், இப்போது தானே நடுங்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா குடுத்தீங்க?"

"டாக்டர் எழுதினதைத்தான் சார்."

கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தேதி, நேரம், மாத்திரையின் பெயர், முழுங்கியதற்கு டிக். ஒரு நாளைக்கு எட்டு. கீழே கணவரின் கையெழுத்து!

இன்ஸ்பெக்டர் எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறார். வருகைப் பதிவேடு போட்டுக் கொலை செய்கிறவரை இப்போதுதான் பார்க்கிறார்.

"டாக்டர், எட்டும் நீங்க எழுதினதா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆறு வருஷமா இவருக்கு ப்ரஷர் நூத்தி எண்பதுக்குக் கீழ இறங்கவே இல்ல சார். மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேப்பேன். கடிகாரம் மாதிரி சாப்பிடறேன்னு சொல்வார். சரி, மருந்து பத்தலன்னு கூட்டிக்கிட்டே போனேன்."

"எட்டு சாப்பிட்டும் விழாதவர் இன்னிக்கு எப்படி விழுந்தார்? வேற எதையோ கலந்திருக்கீங்க. ஸ்டேஷனுக்கு வாங்கம்மா."

தலைமையாசிரியைக்குக் கண் கலங்கியது.

"எனக்குன்னு இருக்கறது அவர் ஒருத்தர்தான் சார். அவர் நல்லா இருக்கணும்னுதான்..."

கட்டிலில் அசைவு!

"அவளை விடுங்க சார்..." ஈனஸ்வரத்தில் கணவர். "அவ மேல தப்பில்ல. ஆறு வருஷமா நான் ஒரு மாத்திரை கூடச் சாப்பிட்டதில்ல."

"என்னது?"

"இவ ஸ்கூலுக்குக் கிளம்பினதும் டாய்லெட்ல போட்டுத் தண்ணி ஊத்திடுவேன். இந்த மூணு நாள்தான் நிஜமாவே முழுங்கினேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் சார் இப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்லாத்தானே இருந்தேன்... ஒரு தலைவலி கூட இல்ல. சாப்பிடலன்னா டாக்டர் திட்டுவார். சாப்பிட்டேன்னா ரெண்டே நிமிஷத்துல விட்டுடுவார்."

டாக்டர் தலை குனிந்தார். ரெண்டு நிமிஷம் என்பது உண்மைதான். வெள்ளை மாத்திரை எது, மஞ்சள் எது என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். நாற்பது பேரை வெளியே வைத்துக்கொண்டு எங்கே கேட்பது?

"அப்ப உங்க வீட்டு சாக்கடைக்குத்தான் ப்ரஷர் நார்மலா இருந்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "கேஸ் இல்லம்மா. நீங்க கிளம்பலாம்."

தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர், இனிமே எத்தனை?"

"ஒரே ஒரு மாத்திரைம்மா. மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

தலைமையாசிரியை மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஆறு வருஷம். தினமும் சாயங்காலம் வந்ததும் மாத்திரை சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். சாப்பிட்டேன்னு தலையாட்டினீங்க."

குரல் கொஞ்சமும் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வீட்டுக்கு வாங்க. பேசிக்கலாம்."

கணவர் சலைன் ஏறாத கையால் இன்ஸ்பெக்டரின் சட்டையை இறுகப் பிடித்தார்.

"சார்... நான் சொன்னதையெல்லாம் அடிச்சிடுங்க. விஷம்தான் குடுத்தா!"