கலப்பு வீதம்

இளவெயினியின் கலப்பு வீதம் 1.4 என்று மரபளவி காட்டியது. பிள்ளை பெற உரிமம் வேண்டுமானால் ஒன்றைத் தாண்டக் கூடாது. மறுப்பில் கையெழுத்துப் போட வேண்டியவள் கலப்பு வீத வாரியத்தின் தலைமைக் கணிதர் செங்கமலம். இளவெயினியைப் பெற்றவளும் அவள்தான்.

"ஒரே ஒரு புள்ள போதும்மா. ஒரு தடவை கண்ண மூடிக்கோயேன்."

"ஊருக்கு ஒரு சட்டம், என் பொண்ணுக்கு ஒரு சட்டமா? என்னால ஆகாது."

கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒருவருக்குள் இருக்கும் தாய்வழி மரபிழையும் தந்தைவழி மரபிழையும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அந்த மாற்றம் எவ்வளவு நடக்கிறது என்பதுதான் வீதம். உலகம் மாறாதிருந்தால் வீதம் குறைந்தவர்களே தழைப்பார்கள் என்று செங்கமலத்தின் சமன்பாடு நிரூபித்திருந்தது. கையில் நல்ல சீட்டு சேர்ந்தபின் எவன் கலைத்துப் போடுவான்? வீதம் கூடியவர்களுக்கு வாரியம் கருத்தடை செய்தது. அதைத் திருப்ப முடியாது.

சமன்பாட்டில் 'சூழல் மாற்றம்' என்றொரு கட்டம் உண்டு. முதல் ஆண்டு அதில் பூஜ்யம் போட்டவள் செங்கமலமே. அன்று புது நோய் எதுவும் இல்லை. பிறகு ஆண்டுதோறும் எழுத்தர் தாமோதரன் அலுவலக வழக்கப்படி 'கடந்த ஆண்டுபடி' என்று முத்திரை குத்தினார். பத்தொன்பது ஆண்டுகள். ஒருவருக்கும் உறுத்தவில்லை.

செங்கமலம் மறுப்பில் கையெழுத்திட்டாள். அவள் நேர்மைக்கு வாரியம் சால்வை போர்த்தியது. மகளுக்கு அதே வாரம் அறுவை. பாவி, அந்தச் சால்வையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அறுவை நடந்த நான்காம் ஆண்டு ஈரல் காய்ச்சல் வந்தது. கலப்பு குறைந்து குறைந்து நாட்டின் குழந்தைகள் எல்லாரும் ஒரே அச்சு. ஒரு குழந்தையைக் கொல்லக் கற்ற கிருமிக்கு மற்றவர்களைக் கொல்லத் தனியாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தைகள் எல்லாரும் ஐந்தாம் நாள் செத்தார்கள்.

செங்கமலம் அந்தக் கட்டத்தில் மெய்யான எண்ணைப் போட்டாள். விடை தலைகீழாக வந்தது. வீதம் கூடியவர்கள் பெற்றால்தான் இனம் பிழைக்கும். அவர்களின் பட்டியலைக் கேட்டாள். பதினோராயிரம் பேர், அத்தனை பெயருக்கும் எதிரே 'அறுவை முடிந்தது'. அதற்குள் வாரியத்தின் கணிப்பொறி புது விடைப்படி அவள் கையெழுத்தை அச்சிட்டு அவர்கள் எல்லாருக்கும் உரிமம் அனுப்பிவிட்டிருந்தது.

மறுநாள் இளவெயினி காகிதத்தோடு வந்தாள்.

"உன் கையெழுத்துதானேம்மா? அழகா விழுந்திருக்கு."

செங்கமலம் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"கீழ படி. உரிமம் வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள பெத்துக்கலைன்னா ஜெயிலாம். இதையும் நீதான் எழுதுனியா?"

"ஆமா," என்றாள் செங்கமலம்.