அரை விரல் கீழே ஒரு கொலை

"வீ...ல்!"

ஆபீஸிலிருந்து திரும்பிய மனைவி போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டது.

குளியலறையில் பெரியப்பா. கணவனின் பெரியப்பா!

மண்டை பிளந்து, சோப்புக் கொழகொழப்பிலும் முடிக்கற்றையிலும் மல்லாந்து கிடந்தார்.

இன்ஸ்பெக்டர் மூக்கைக் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டார். பிணத்துக்காக அல்ல... குளியலறைக்காக.

"சே! இதுல குளிச்சா அழுக்கு போகுமா, ஒட்டுமா?"

"வழுக்கி விழுந்துட்டார் சார்..." கணவன் விசும்பினான். "உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்தார். இடுக்குல கத்தியை விட்டு நெம்பித்தான் திறந்தேன்."

இன்ஸ்பெக்டர் தாழ்ப்பாளைத் தள்ளிப் பார்த்தார்.

சளக்! வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது.

"விபத்துதான். ஆளை விடுங்கப்பா, குமட்டுது."

"நில்லுங்க சார்!"

மனைவி.

"இந்தத் தாழ்ப்பாள் எப்படி விழுது? கதவு தொங்கிப்போய், ஓட்டைக்கு அரை விரல் கீழ முட்டி நிக்குமே! மூணு வருஷமா!"

கணவன் முகத்தில் வியர்வை. "போ... போன வாரமே சரி பண்ணிட்டேனே..."

"பொய்! காலைலகூட வாளியை முட்டுக் குடுத்துத்தான் குளிச்சேன்!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார். கதவு நிலையில் பழைய ஓட்டை. அதற்கு அரை விரல் கீழே... புத்தம் புது ஓட்டை!

அதற்கு நேர் கீழே உறைந்த ரத்தம். ரத்தத்தின் மேலே மரத்தூள்.

"ஆள் செத்த பிறகு துளை போட்டு, உள்ள தாழ்ப்பாள் போட்ட மாதிரி காட்டியிருக்கே! ஏன்யா கொன்னே?"

கணவன் உடைந்தான்.

"தினமும் சார்... நான் டாய்லெட்ல உட்கார்ந்திருக்கும்போது தள்ளிக்கிட்டு உள்ள வருவார். பல் தேய்ச்சுக்கிட்டே சொந்தக்காரன் கதையெல்லாம் பேசுவார். காறித் துப்புவார்... என் கால்மேலயே! பெரியப்பாவாச்சே, வெளிய போங்கன்னு எப்படிச் சொல்றது? இன்னிக்கு இரும்பு வாளியைத் தூக்கி..."

"துளை போட எவ்வளவு நேரமாச்சு?"

"பத்து நிமிஷம் சார்..."

"த்தூ!" மனைவி பத்ரகாளியானாள். "யோவ்! நேரமில்ல, நேரமில்லன்னு மூணு வருஷம் இழுத்தியே... பத்து நிமிஷ வேலையாய்யா அது?"

விலங்கு மாட்டிய இன்ஸ்பெக்டர் கணவன் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதே. ஜெயில்ல உனக்குத் தாழ்ப்பாள் தொல்லையே இருக்காது."

"ஏ... ஏன் சார்?"

"அங்க கக்கூஸுக்குக் கதவே கிடையாது!"