முயல் ரத்த எண்ணெய்

முயல்கள் போய்விட்ட வீட்டில் மமதா தும்மினாள். ஒரே ஒரு தும்மல்தான். ஆனாலும் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பாஞ்சாலிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

ஓசூர் ரோட்டை ஒட்டிய ஆடுகோடிச் சந்துக்குள் இருந்த அந்த ஷீட் கூரை வீட்டை அவள் பினாயில் ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவியிருந்தாள். பாயை எரித்தாள். கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டாள். முயல் முடிதான் பிள்ளைக்கு ஆகவில்லை, அது இருக்கும்வரை இளைப்பு விடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னபிறகு பெற்றவள் வேறென்ன செய்வாள்? சந்தாபுராவில் யாருக்கோ கொடுத்துவிட்டதாக மகளிடம் சொன்னாள். பொய். புருஷன் உமேஷ் ஒர்க்‌ஷாப்புக்கும் மகள் ஸ்கூலுக்கும் போயிருந்த நேரத்தில், இரண்டையும் துவைக்கும் கல்லில் அடித்துக் கொன்றிருந்தாள். முதலாவது உடனே போய்விட்டது. இரண்டாவது கத்தியது. முயலுக்குக் குரல் உண்டென்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அப்போது பக்கத்து வீட்டு ஜானகி எட்டிப் பார்த்து ஒரு யோசனை சொன்னாள். "ரத்தத்த கீழ ஊத்திடாத பாஞ்சாலி. தேங்காண்ணெயில காய்ச்சி வெச்சுக்கோ. பாப்பாவுக்கு முடி கருகருன்னு வளரும்." ஊரெல்லாம் தேடி அலைகிற எண்ணெயாயிற்றே என்று பாஞ்சாலியும் காய்ச்சினாள். முயல் முடி ஆகாத பிள்ளைக்கு அதன் ரத்தம் ஆகுமா என்று அந்தப் பாவிக்குத் தோன்றவேயில்லை.

இன்றுதான் முதல் தடவை தேய்க்கிறாள். வெளியே மழை ஷீட்டின்மேல் கொட்டி ஓசூர் ரோட்டு லாரிகளின் இரைச்சலை விழுங்க, ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாடையோடு எண்ணெயின் கவிச்சியும் சேர்ந்து அறைக்குள் கனத்துக் கிடக்க, அத்தனைக்கும் அடியில் மகளின் நெஞ்சுக்குள் சன்னமாக ஒரு விசில் தொடங்குவதை அவள் கேட்டாள்.

மருந்தை உறிஞ்ச வைத்தாள். இளைப்பு கேட்கவில்லை. சீயக்காய் போட்டு அலசினாள். பிசுக்கு போகவில்லை. சந்தில் போன் இருந்த ஒரே வீடு ஜானகியுடையது, அது பூட்டிக் கிடந்தது. மமதாவின் உதடு நீலம் பாரித்தது.

"தலையில என்னமோ ஊருதும்மா."

பாஞ்சாலி ஈரக் கூந்தலை விலக்கிப் பார்த்தாள். கறுப்பு முடிக்கு அடியில், மண்டைத் தோல் முழுக்க, பஞ்சு மாதிரி வெள்ளை ரோமம். அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி. மகளின் மூச்சு நின்றுபோயிருந்தது.

கூந்தலைக் கத்தரித்து எறிந்தாள். உமேஷின் சவரக் கத்தியை எடுத்து இழுத்தாள். வெள்ளை கற்றையாக வந்தது. மமதா காற்றை இழுத்தாள். பாஞ்சாலிக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாமென்று பிள்ளையைத் தூக்கினாள். வாசலைத் தாண்டவில்லை. வழித்த இடத்தில் மறுபடி வெள்ளை. மூச்சு இல்லை.

வழித்தாள். மூச்சு வந்தது.

நிறுத்தினாள். நின்றது.

வழித்தாள். தோல் வந்தது. ரத்தம் வந்தது. மூச்சும் வந்தது.

"நிறுத்தாதம்மா," என்றாள் மமதா.

நிறுத்தவில்லை. கை மரத்தது. கத்தி எலும்பில் உரசியது. நிறுத்தவில்லை.

உமேஷ் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். பார்த்தான். அலறினான். பாய்ந்து வந்து கத்தியைப் பிடுங்கி எறிந்து, அவளைச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். விடச் சொல்லிக் கதறினாள். கடித்தாள். அவன் விடவில்லை. மகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இவள் முகத்தையே வெறித்தான். அவன் தோளுக்கு மேலாகப் பாஞ்சாலி பார்த்துக்கொண்டிருந்தாள், சிவந்து கிடந்த அந்தச் சின்ன மண்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதை.