விதைக் குரல்

தூத்துக்குடியில் ஆட்டக் கூடங்கள் விடிவதற்குள் திறந்து, வெயில் ஏறுமுன் மூடிவிடும். அதன்பின் வெளியே நடமாட முடியாது. துறைமுகத்துக்குப் போகிறவர்கள், மருத்துவமனைச் செவிலியர், பள்ளி ஆசிரியர்கள் என்று எல்லோரும் வேலைக்கு முன் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவரவர் வழியே போவார்கள். பெர்னா மற்ற நாட்களில் உப்பளத்துப் பம்புகளை வீட்டுத் திரையிலிருந்து இயக்குகிறவள். வாரத்தில் இரண்டு விடியல்கள் மட்டும் பீச் ரோட்டுக் கூடத்தில் இசை போட்டாள்.

கூடத்துக்குள் வந்தாலும் யாரும் செவிக்காப்பைக் கழற்றுவதில்லை. தெருவுக்குத் தெரு நிற்கும் குளிர்கோபுரங்கள் இல்லாவிட்டால் ஊர் வெந்துவிடும். அவற்றின் இரைச்சலில் வெறுங்காதாகத் திரிந்தால் சில வருடங்களில் செவிடாகிவிடும். பெரியவர்கள் காதுக்குள் ஒரு மொட்டைச் செருகிக்கொண்டார்கள். குழந்தைகளுக்குப் பிறந்த மாதமே எலும்போடு சேர்த்துப் பதித்துவிட்டார்கள். செவிக்காப்பு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, விடவேண்டியதை மட்டும் உள்ளே விடும். மனிதப் பேச்சை அது தடுக்காது. இசைக்கு உரிமம் கேட்கும். உரிமம் இல்லாத இசை எவ்வளவு சத்தமாக ஒலித்தாலும் காதுக்குள் ஒன்றும் இராது.

பெர்னாவிடம் உரிமம் இருந்தது. ஒலிதான் இல்லை. ‘கூழாங்கல்’ என்ற இலவச ஒலியாக்கியை அவள் பழைய மடிக்கணினியில் வைத்திருந்தாள். அவள் கட்டும் தாளம் நன்றாகவே இருக்கும். அடித்தொனி இறங்கவேண்டிய இடத்தில் தகரத்தைத் தட்டினாற்போல் ஏதோ வரும். ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஒரு நாள் பாட்டுக்கு நடுவிலேயே பாதிக் கூடம் காலியானது. அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் மடிக்கணினியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“வேற ஒண்ணு வாங்கிருவோம்,” என்றான் ஜஸ்டஸ். அவள் கணவன். துறைமுக வானொலி அறையில் வேலை. ஆளில்லாப் பெருங்கப்பல்கள் போய்வரும் கால்வாய்க்குள் மீன்பிடி வள்ளங்கள் மாட்டிக்கொள்ளாமல் குரல் கொடுத்து ஒதுக்கிவிடுவது அவன் பொறுப்பு.

கடைக்காரர் நயினார் மூன்று ஒலியாக்கிகளை இயக்கிக் காட்டினார்.

“செவிக்காப்புக்குள்ள நேரா வாங்கிக் கேட்டு முடிவு பண்ணாதீங்கம்மா. அதுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அந்த ஸ்பீக்கர் பெட்டிகிட்ட போய் நில்லுங்க. அடித்தொனி நெஞ்சுல விழுதான்னு பாருங்க.”

முதலில் ‘வானம்’. பெரிய கூடங்களில் எல்லோரும் வைத்திருப்பது. ஆயிரக்கணக்கான அலைவடிவங்கள், அவற்றைக் குழைக்க வடிகட்டிகள். ஒரு விசையை அழுத்தியதும் பெர்னாவின் விலா எலும்பு அதிர்ந்தது. மாத வாடகையை நயினார் சொன்னதும் அவளே எழுந்துவிட்டாள். அது அவர்கள் வீட்டு வாடகைக்குக் கிட்டத்தட்ட வந்தது. இரண்டாவது விலை குறைவுதான். ஆனால் அவள் கணினியில் இரண்டு சுரத்தை ஒன்றாகப் பிடித்தாலே திணறியது.

“அப்போ ‘நாற்று’தான் உங்களுக்கு,” என்றார் நயினார். “இதுக்குள்ள ஒலின்னு ஒண்ணுமே கிடையாது. நீங்க ஒரு விதை போடணும். உயிரோட இருக்கிற மனுசக் குரல். அதைப் பொடியாக்கி, நீட்டி, அடுக்கி, உங்களுக்கு வேணும்ங்கிற ஒலியை முளைக்க வைக்கும். நீங்க வளத்த ஒலியை மத்தவங்களும் வாடகைக்கு எடுப்பாங்க. அதனாலதான் இவ்வளவு மலிவு.”

“குரல் போயிருமாண்ணே?” ஜஸ்டஸ் சிரித்துக்கொண்டே கேட்டான்.

“தொண்டையில இருக்கிறது எங்க போகும்? ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். ரொம்பப் பேர் எடுத்து ஆட ஆரம்பிச்சா அந்தக் குரலையே இசைக்கருவின்னு பதிஞ்சிருவாங்க. அதுக்குப் பொறவு செவிக்காப்புக்கு அது பேச்சு இல்ல, உரிமம் கேக்கிற இசை.”

“அப்பிடி யாருக்காவது ஆயிருக்கா?” என்றாள் பெர்னா.

“நான் பாத்ததில்ல. நம்ம ஊர்ல போடுற பாட்டு அவ்வளவு தூரம் எங்கம்மா போகுது?”

அந்தப் பதில் அவளைச் சுட்டது.

அவள் குரலைப் போட்டுப் பார்த்தார்கள். மெல்லிய, உயரமான ஒலிகள் முளைத்தன. அழகாகத்தான் இருந்தன, ஆனால் அடியில் ஒன்றும் இல்லை. நயினார் ஒலிவாங்கியை ஜஸ்டஸிடம் நீட்டினார். என்ன பேசுவதென்று தெரியாமல் அவன் தினம் சொல்வதையே சொன்னான்: “சிலுவையண்ணே, தெக்க ஒதுங்குங்க, கப்பல் வருது.” பெர்னா விசையை அழுத்தினாள். பெட்டியிலிருந்து ஒன்று புறப்பட்டது. கரகரப்பும் ஆழமுமாக, அலை பாறைக்குக் கீழே புகுந்து உருளுவதுபோல. கடையின் கண்ணாடிக் கதவு நடுங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

“போட்டுக்கோ பிள்ள,” என்றான் ஜஸ்டஸ். “இத்தன வருசமா கடலப் பாத்துக் கத்துதேன். கொஞ்சம் பேர் ஆடிட்டுப் போகட்டும்.”

அடுத்த வாரம் அந்த அடித்தொனி இறங்கிய இடத்தில் யாரும் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு தரையை மிதித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்து மிதித்தார்கள். பிறகு கூடம் முழுவதும் ஒரே காலாக இறங்கியது. பெர்னா தன் பாட்டில் முதல்முறையாகத் தானும் ஆடினாள். வீட்டில் அவள் திரும்பத் திரும்ப அதைப் போட, மூன்று வயது மகள் ஈவி கட்டிலிலிருந்து குதித்து ஆடப் பழகினாள். மதுரையில் யாரோ அந்த ஒலியை வாடகைக்கு எடுத்தார்கள், பிறகு கொச்சியில், பிறகு அவள் பெயர்கூடக் கேட்டிராத ஊர்களில். மழைக்காலம் முடிவதற்குள் திருச்செந்தூர் சாலைப் பெருங்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது, சனிக்கிழமை விடியலுக்கு.

ஜஸ்டஸின் குரலில் ஓட்டை விழ ஆரம்பித்ததும் அதே சமயம்தான். தேநீர்க் கடையில் அவன் சொன்னது பாதி கேட்கவில்லை என்றார்கள். “என்னங்க, மென்னு முழுங்குதீங்க,” என்று பெர்னாவே ஒரு நாள் சொன்னாள். ஜலதோஷம் என்று அவன் வெந்நீர் குடித்தான்.

திங்கட்கிழமை நாற்று நிறுவனத்தின் அறிவிப்பு அவள் திரையில் வந்தது. அவள் வளர்த்த ஒலி இசைக்கருவித் தகுதியை நெருங்குகிறது, வாழ்த்துகள். சில செவிக்காப்புகள் விதைக் குரலை இப்போதே இசையாகக் கருதத் தொடங்கியிருக்கலாம். பதிவாகும்வரை விதையைப் பிடுங்கிக்கொள்ள வாங்கியவருக்கு உரிமை உண்டு. பிடுங்கினால் அதில் விளைந்த எல்லா ஒலிகளும் அன்றே அழியும். பதிவு எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இப்போதுள்ள வேகத்தில் மாதக் கடைசி ஆகலாம்.

குரல் அவனுடையது. முடிவு அவள் கையில் இருந்தது. மாதக் கடைசிக்கு நாள் இருக்கிறது, சனிக்கிழமை முடியட்டும், ஞாயிற்றுக்கிழமை நானே பிடுங்கிவிடுகிறேன் என்று நினைத்தாள். அவனிடம் சொன்னால் “உன் இஷ்டம் பிள்ள” என்பான். அப்படி அவன் சொல்லிவிட்டால் அப்போதே பிடுங்க வேண்டியிருக்கும். அதனால் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது இரண்டு தடவை சொல்ல வாய் திறந்து, குழம்பை ஊற்றினாள்.

சனிக்கிழமை ஈவியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பெருங்கூடத்தில் அவ்வளவு ஜனத்தை அவள் பார்த்ததே இல்லை. அவள் அடித்தொனியை இறக்கினாள். கூரையில் படிந்திருந்த தூசி உதிர்ந்தது. அந்தக் கூட்டத்தின் செவிக்காப்புகள் ஒவ்வொன்றும் அந்த ஒலியை உள்ளே விட்டு, ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேர்த்தன. மாதக் கடைசி என்ற கணிப்பில் இந்தக் கூட்டம் சேர்ந்திருக்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் திரையின் ஓரத்தில் ஒரு பச்சை முத்திரை விழுந்தது: கருவியாகப் பதிவு செய்யப்பட்டது. அவள் கை விசையிலேயே இருந்தது. எதிரே எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் வள்ளங்கள் கரை திரும்பிக்கொண்டிருந்தன. வானொலி அறையில் ஜஸ்டஸ் சிலுவையின் வள்ளத்தைக் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டான். கால்வாயின் வாயில் இரும்புச் சரக்கோடு கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. அவன் கத்தினான். பக்கத்து மேசையில் இருந்தவர் அவன் வாய் அசைவதையும் கழுத்து நரம்பு புடைப்பதையும் பார்த்துவிட்டு, என்ன என்று கையால் கேட்டார். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஒலிவாங்கியை அவர் கையில் திணித்துத் திரையில் வள்ளத்தைக் காட்டினான். அவர் பேசினார். சிலுவை சுக்கானைத் திருப்பினார். கொஞ்சம் பிந்திவிட்டது. கப்பலின் பக்கம் வள்ளத்தை உரசி நசுக்கியதில் சிலுவையின் கால் இடையில் மாட்டிக்கொண்டது.

மருத்துவமனையின் உள்ளறைகளில் இரைச்சல் புகாது. அங்கே செவிக்காப்பைக் கழற்றலாம். சிலுவையின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் மொட்டுகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

“உன் சத்தமே வரல மக்கா,” என்றார். “வழி சும்மா கெடக்கு போல, அதான் நீ கூப்பிடலன்னு நினைச்சேன். நீ இருக்கைல நான் திரும்பிப் பாக்கவே மாட்டேன்லா.”

ஜஸ்டஸ் அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “கூப்பிட்டேண்ணே,” என்றான்.

உள் வராந்தாவில் பெர்னாவும் செவிக்காப்பைக் கழற்றிவிட்டு அவனிடம் சொன்னாள். திங்கட்கிழமை வந்த அறிவிப்பு, விதையைப் பிடுங்கும் உரிமை, எல்லாம். அவன் கடைசிவரை கேட்டான்.

“திங்கக்கெழம வந்துச்சா.”

“ஆமா.”

“சனிக்கெழம வரைக்கும் வச்சிருந்திருக்க.”

“ஞாயித்துக்கெழம எடுத்துரலாம்னு இருந்தேன்.”

அவன் தலையாட்டினான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நான் மட்டும்னா பரவால்ல பிள்ள,” என்றான். “அவருக்குக் கால் போச்சு.” பிறகு செவிக்காப்பை மாட்டிக்கொண்டு வெயிலுக்குள் நடந்தான்.

பதிவானதை நீக்க முடியாது என்று நாற்று நிறுவனம் பணிவாக எழுதியது. எத்தனையோ பேரின் பாட்டுகள் அதன்மேல் கட்டப்பட்டிருக்கின்றன. அவன் பேச்சுக்கு மட்டும் விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம், வருடங்கள் ஆகும். துறைமுகம் அவனைச் சரக்குக் கிடங்குக்கு மாற்றியது. அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. நாற்று நிறுவனம் அனுப்பிய மாற்றுக் குரல் கருவியை அவன் கழுத்தில் ஒட்டிக்கொண்டான். கடைக்குப் போக, வழி கேட்க அது உதவியது. சிலுவையின் வீட்டுக்கு அவன் வாரந்தோறும் போனான். அங்கே கதவை இறுக்க மூடி, செவிக்காப்பைக் கழற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பெர்னாவை அவன் அங்கே கூப்பிடவில்லை.

வீட்டில் கதவடைத்துவிட்டு பெர்னாவும் கழற்றிக்கொள்வாள். அவன் பேசினால் அவளுக்குக் கேட்கும். ஈவிக்குத்தான் கழற்ற முடியாது. முதல் சில நாட்கள் அவள் அப்பாவின் வாயை விரலால் திறந்து பார்த்தாள். கழுத்துக் கருவியைப் போட்டுக்கொண்டு அவன் பேசியபோது அந்த அந்நியக் குரலைக் கேட்டு அழுதாள். “இது அப்பா இல்ல,” என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தாள். அவன் கருவியைக் கழற்றிவிட்டான். அதன்பின் மகளிடம் கையால்தான் பேசினான்.

நிரந்தரமாக இசை போடும் வேலையை ஒப்புக்கொள்ளும்படி பெருங்கூடம் மூன்று முறை கேட்டது. பெர்னா பதில் போடவில்லை. ஆனால் நாற்றை அவள் அழிக்கவில்லை. உரிமம் அவள் பெயரில் இருந்தது. வீட்டுக்குள் அந்த ஒலியை இசைக்க அவளுக்கு உரிமை உண்டு. பல மாலைகள் அதன்முன் உட்கார்ந்து, பொடியாக்கும் பகுதிகளை ஒவ்வொன்றாக அணைத்து, வடிகட்டிகளைத் திறந்துவிட்டு, உள்ளே போகும் குரல் கூடியவரை அப்படியே வெளியே வரும்படி செய்தாள். ஒரு மெல்லிய அதிர்வை மட்டும் விட்டுவைத்தாள். இல்லாவிட்டால் நாற்று அதை உரிமமுள்ள தன் இசையென்று ஏற்காது, செவிக்காப்பும் உள்ளே விடாது.

ஒரு மாலை ஒலிவாங்கியை அவன் முன் வைத்தாள்.

“கூப்பிடுங்க. அவளுக்குக் கேக்கும்னு நினைக்கேன்.”

ஈவி சன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் வள்ளத்தைத் தரையில் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்தான்.

“ஈவி,” என்றான். “ஈவிக்குட்டி.”

பெட்டியிலிருந்து அது வந்தது, அவன் குரலாகவே, அடியில் சின்ன அதிர்வோடு. குழந்தையின் தோள் நிமிர்ந்தது. ஈவிக்குக் கேட்டுவிட்டது. முகத்தில் அத்தனை நாள் இல்லாத சந்தோஷத்தோடு எழுந்தாள்.

“ஈவி, இங்க வா. அப்பாகிட்ட வா.”

அவள் திரும்பவில்லை. சன்னலைப் பார்த்தபடியே இடுப்பில் கை வைத்து, ஒரு காலைத் தூக்கித் தரையில் மிதித்து, ஆட ஆரம்பித்தாள்.

ஜஸ்டஸ் மறுபடி கூப்பிட்டான். அவன் கூப்பிடக் கூப்பிட அவள் இன்னும் வேகமாக ஆடினாள்.