ஆயாக்கொட்டகையில் ஒரு படையல்

கேரி தீவின் செம்பனைக் காட்டுக்குள் குருவின் கார் நுழைந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் மரங்களுக்கு அடியில் அதற்குள் இருட்டிக்கிடந்தது. தாமரை கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டாள். பிரிக்பீல்ட்ஸில் ஏறியதிலிருந்து மனுஷன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிறான். பல் கிளினிக்கில் வேலை செய்கிறவள் அவள். நாள் முழுக்கச் சீழையும் எச்சிலையும் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. குருவின் வாயைப் பார்த்தால் மட்டும் அவளுக்குக் குமட்டியது. ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று அவள் அண்ணன் கிஷனுக்கு நினைவு நாள். பட்டாளத்தில் சேர்ந்து பயிற்சி முகாமுக்குப் போனவனை, வெயில் தாங்காமல் மயங்கி விழுந்து செத்தான் என்று பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். முகாமில் கூட இருந்த குரு பின்னாலேயே அழுதுகொண்டு வந்து நின்றான். “என் மடியிலதான் ஆன்டி உயிர் போச்சு. என் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுத்தான் கண்ண மூடுனான்” என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அம்மா தங்கமணி அவனைப் பிள்ளையாகவே நினைக்க ஆரம்பித்துவிட்டாள்.

இப்போது அவன் பட்டாளத்தை விட்டுவிட்டு செக்யூரிட்டி கம்பெனி நடத்துகிறான். கிஷன் பெயரில் வருஷா வருஷம் ஃபுட்சால் போட்டி வைக்கிறான். பேனரில் கிஷன் படம் பாஸ்போர்ட் அளவில் இருக்கும். குருவின் படம் ஆள் உயரத்துக்கு நிற்கும்.

படையல் முடிந்ததும் கிஷன் படத்துக்கு முன்னாலேயே தாம்பூலம் மாற்றி, தாமரையை குருவுக்கு நிச்சயம் செய்துவிடுவது என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். வேண்டாமென்று சொல்லத் தாமரைக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. வெறும் அருவருப்பைப் போய் யாரிடம் சொல்வது?

படையல் வீட்டில் இல்லை, பழைய ஆயாக்கொட்டகையில். விடியுமுன் பெற்றவர்கள் வேலைக்காட்டுக்குக் கிளம்பியதும் தோட்டத்துக் குழந்தைகள் அத்தனையும் அங்கேதான் வளர்ந்தன. ஒரே வரிசையில் தொட்டில், ஒரே சட்டியில் கஞ்சி. கிஷன் அப்படி எல்லா வீட்டுக்கும் பிள்ளையாக வளர்ந்தவன். அதனால் அவனுக்குப் படையல் என்றால் லயத்து வரிசை வீடு ஒவ்வொன்றும் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

இலை போட்டுப் பரிமாறி, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். செத்தவர் கூச்சமில்லாமல் சாப்பிடக் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு கதவைத் தட்டித் திறப்பது வழக்கம். தண்ணீர்ச் சொம்பை மட்டும் ஒவ்வொரு வருஷமும் குருதான் வைப்பான். கடைசித் தண்ணீர் கொடுத்த கை அல்லவா! வைத்துவிட்டு கிஷன் படத்தோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொள்வான்.

ஒவ்வொரு வருஷமும் கதவைத் திறக்கும்போது அந்தத் தண்ணீர் கலங்கியிருக்கும். குழாய் துருப்பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்வார்கள்.

இந்த வருஷமும் குரு சொம்பை வைத்தான். கதவைச் சாத்தினார்கள். சனங்கள் மரத்தடிக்குப் போனார்கள். அம்மா தாம்பூலத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் தாமரையும் குருவும் மட்டும் நின்றார்கள்.

“ஹால் புக் பண்ணிட்டேன் லா. கிள்ளான்ல. கேக் மேல கிஷன் படம் போடச் சொல்லியிருக்கேன், எல்லாரும் அழுதுருவாங்க” என்றான் குரு, பல்லைக் குத்திக்கொண்டே.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது.

சாம்பிராணியையும் கோழிப் பிரட்டலையும் அமுக்கிக்கொண்டு, நாள்பட்ட சாக்கடையைக் கிளறிவிட்ட நாற்றம் கதவிடுக்கு வழியாகக் கசிந்தது. உள்ளே யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. களக், களக் என்று நிறுத்தாமல், மூச்சு விடாமல், தாகம் தீர்ந்த பிறகும் குடிக்கும் சத்தம்.

பிறகு ஓங்கரிப்பு. சிமெண்டுத் தரையில் வாந்தி சொதசொதவென்று விழுந்தது.

மறுபடியும் களக், களக்.

“போதும்டா குரு.”

கிஷனின் குரல்.

தாமரையின் உடம்பில் ஒரு மயிர் பாக்கியில்லாமல் நட்டுக்கொண்டது. அவள் குருவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்து, உதடு தானாக அசைந்தது. பக்கத்தில் ஒருத்தி நிற்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

“நான் மட்டும் ஊத்தலடா,” என்று அவன் கதவைப் பார்த்துக் கிசுகிசுத்தான். “எல்லாருந்தானே ஊத்துனாங்க.”

அந்தக் கணத்தில் தாமரைக்கு அவ்வளவு நாள் அகப்படாத காரணம் அகப்பட்டது. உள்ளே இருந்தது அவள் அண்ணன். அவனிடம் அவளுக்குப் பயம் வரவில்லை. வெளியே நிற்கிறதே ஒன்று, அதைப் பார்த்துத்தான் அவள் ஓரடி பின்வாங்கினாள். இதற்கா இத்தனை வருஷம் கையால் சோறு போட்டோம் என்று உடம்பு கூசியது.

அம்மா வந்து கதவைத் தட்டித் திறந்தாள்.

இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு பருக்கைகூடக் கலையவில்லை. தரை முழுக்கக் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. சொம்பில் அதே கறுப்பு விளிம்பு வரைக்கும் ததும்பி, அதன் மேல் நுரை கட்டியிருந்தது.

“அம்மா,” என்றாள் தாமரை. “அண்ணன் எப்படிச் செத்தான்னு இவர்கிட்ட கேளுங்க.”

“என்னடி இது, நல்ல நேரத்துல?”

“கேளுங்கம்மா.”

குரு சிரிக்கப் பார்த்தான். “ஆன்டிக்குத் தெரியாததா? வெயில்ல விழுந்துட்டான். என் மடியில படுத்து, என் கையால...”

பேச்சு அங்கேயே நின்றது. அவன் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. வெள்ளைச் சட்டையெல்லாம் ஆயிற்று. சனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். அவன் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தான்.

“என் கையால தண்ணி...”

மறுபடியும் கொட்டியது. இந்தத் தடவை மூக்கு வழியாகவும் வந்தது.

அவன் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தான். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“விளையாட்டுக்குத்தான் ஆன்டி. புதுசா வர்றவங்கள நாங்க சீனியருங்க அப்படித்தான் செய்வோம். குடிக்க வச்சோம். போதும்னு அழுதான். வாந்தி எடுத்தான். அதையும் அள்ளிக் குடிக்கச் சொன்னோம். அப்புறம் தண்ணி தீர்ந்துபோச்சுன்னு சாக்கடையிலருந்து... நான்தான் தலைய பிடிச்சிருந்தேன்.”

இப்போது அவன் வாயிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை.

அம்மா அவனை அடிக்கவில்லை. சாபம் விடவுமில்லை. தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், வெற்றிலை பாக்கோடு வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்தாள். மகனுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லி வருஷா வருஷம் இவனிடம் சொம்பை எடுத்துக்கொடுத்த தன் கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துத் தோல் சிவக்க வைத்தாள்.

“போயிரு,” என்றாள்.

“நாளைக்கு போலீஸ்லயும் இதையேதான் சொல்லணும்,” என்றாள் தாமரை. “மாத்திச் சொல்லிப் பாருங்க, என்ன ஆகுதுன்னு.”

அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு காரை நோக்கி ஓடினான்.

பெண்கள் தரையைக் கழுவித் தள்ளினார்கள். அம்மா புது இலை போட்டு, ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலிருந்தும் திரும்ப எடுத்துப் பரிமாறினாள். தண்ணீர் வைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வாசலிலேயே உட்கார்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு உள்ளே இலை சரசரத்தது. எலும்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது. பல நாள் பட்டினி கிடந்தவன் போல அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிடும் சத்தம். அம்மா வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் சட்டென்று நின்றது.

உள்ளே விக்கல் எடுத்தது.

பழக்கத்தில் அம்மாவின் கை பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடத்துக்குப் போனது. தாமரை அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விக்கல் நிற்கவே இல்லை.