ஐவிக்கு ஊற்றிய தேநீர்

இரண்டாவது கோப்பை காலியாக இருந்தது.

மியென் அதைத் தொடவே இல்லை. அவளுடைய கோப்பையில் பாதித் தேநீர் ஆறிக் கிடந்தது. எதிர் நாற்காலிக்கு முன்னால் ஊற்றி வைத்ததில் அடியில் கொஞ்சம் தேயிலைத் துணுக்கு மட்டும் மிச்சம். விளிம்பில் ஈரம் இருந்தது. பக்கத்துத் தட்டில் இருந்த ஸ்கோன் என்ற சின்ன ரொட்டி ஓர் ஓரத்தில் கடிபட்டிருந்தது. பரிமாறும் பெண் ஏதோ குழப்பிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது, அப்படியே நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கோப்பை ஒரு பொய்க்காக ஊற்றப்பட்டது. ஹுவே நகரத்திலிருந்து நாட்டிங்ஹாமுக்குப் படிக்க வந்து இரண்டு மாதமாகிறது. கூடத் தங்கியிருப்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். நல்லா இருக்கியா என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போகிற நல்லவர்கள். சனிக்கிழமை லிங்கன் ஊருக்குப் போகலாமா என்று அவர்களுடைய போன் குழுவில் கேட்டாள். ஆறு பேர் சரியென்று கட்டைவிரல் காட்டினார்கள். ஸ்டேஷனுக்கு ஒருவரும் வரவில்லை.

தனியாகத்தான் ஏறினாள். தேவாலயத்துக்குப் போகிற செங்குத்தான தெருவில் மூச்சு வாங்க, வழியோரப் பெஞ்சில் உட்கார்ந்தபோது அம்மா அழைத்தாள். அம்மாவுக்கு மாட்டெலும்பு சூப் கடை. விடியும் முன்னே அடுப்பு மூட்டவேண்டும், அதனால் சீக்கிரம் படுப்பவள். போன வாரமே கறாராகச் சொல்லியிருந்தாள்: அங்கே பேச ஒரு ஆள்கூட இல்லையென்றால் படிப்பு கிடக்கட்டும், பெட்டியைக் கட்டு. அப்பா போனபின் கடையை அடகுவைத்து அனுப்பியவள் அப்படிச் சொன்னாள் என்றால் விளையாட்டில்லை.

"யாரு கூடடி போயிருக்கே?"

பெஞ்சின் முதுகில் ஒரு பித்தளைத் தகடு. இந்த ஊர்க்காரர்கள் செத்தவர் நினைவாகப் பெஞ்சு போடுவார்கள், அது வழக்கம்தான். 'ஐவி. இங்கே உட்கார அவளுக்குப் பிடிக்கும், பேச ஆள் இருந்தால்' என்றது தகடு.

"ஐவின்னு ஒரு பொண்ணும்மா. என் கூடப் படிக்கிறா."

அம்மா போட்டோ கேட்டாள். அதற்காகத்தான் தேநீர்க்கடை, இரண்டு கோப்பை, இரண்டு தட்டு. ஐவி கழிப்பறைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டிலும் ஊற்றி, எதிர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, படம் எடுத்து அனுப்பினாள். பிறகு வாயில் முதல் கவளம் வைக்குமுன் பழக்கதோஷத்தில் எதிரே பார்த்து, "ஐவி, சாப்பிட வாங்க" என்றாள். கூட இருப்பவரை அழைக்காமல் சாப்பிட அவள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் சொல்லி, உணவு வைத்து, காலி இருக்கையை அழைப்பது செத்தவருக்கு மட்டும்தான் என்பதும் தெரியும். அவள் அதை நினைக்கவில்லை. உறவென்று யாருமில்லாமல் அலைகிற ஆவிகளுக்கு ஏழாம் மாதத்தில் அம்மா கஞ்சி வைப்பாள். வாசலுக்கு வெளியேதான் வைப்பாள், ஒருநாளும் உள்ளே அல்ல.

போன் அதிர்ந்தது. அம்மாவின் குரல்பதிவு.

"அழகா இருக்காடி உன் ஃப்ரெண்டு. ஆனா இந்தக் குளிர்ல ஸ்வெட்டர்கூட இல்லாம வந்திருக்காளே. உன்னோடதக் குடு. இன்னிக்கித்தான் நிம்மதியாத் தூங்கப் போறேன்."

மியென் படத்தைத் திறந்தாள். பெரிதாக்கினாள். காலி நாற்காலி. பின்னால் ஜன்னல், அதில் மழைத்துளி, அவ்வளவுதான்.

உடனே அம்மாவை அழைத்து, யாருமில்லை, தனியாகத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். விரல் பெயர்மேல் போய் நின்றது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாகப் படுத்திருக்கிறாள், அவளை எழுப்பி, பெட்டியைக் கட்டு என்று சொல்லவைப்பதா? போனைப் பைக்குள் போட்டாள்.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. நவம்பரில் இந்த நாட்டு வெளிச்சத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு. ஈரக் கருங்கல்லில் அவள் செருப்பொலி மேலே ஏற, அதற்குக் கொஞ்சம் பிந்தி இன்னொரு ஒலி ஏறியது. அவள் நின்றால் அது ஒரு அடி வைத்து நின்றது, பழைய சுவர்களுக்கிடையில் எதிரொலி அப்படித்தான் வரும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, நிலக்கரிப் புகையும் வறுத்த மீன் எண்ணெயும் கலந்த காற்றில் அவள் விறுவிறுவென்று நடந்து, முன்பதிவு செய்திருந்த விடுதியின் கதவைத் தள்ளினாள். உள்ளே கதகதப்பு, நனைந்த கம்பள வாடை. மேஜைமேல் போனையும், அம்மா பின்னிக் கொடுத்த மஞ்சள் தொப்பியையும் வைத்துவிட்டுக் கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

விடுதிக்காரி திருமதி பிராக்கெட் நிமிர்ந்து சிரித்தாள்.

"உன் ஃப்ரெண்டு முன்னாலயே வந்து மேல போயிட்டா கண்ணு. நடுநடுங்கிட்டு நின்னா, பாவம். ஹீட்டரப் போட்டுவிட்டேன். ரெட்டைக் கட்டில் ரூமே குடுத்துட்டேன், காசு அதிகம் வேண்டாம்."

ஒருத்திக்குத்தான் பதிவு செய்தேன் என்று மியென் சொல்லப்போனாள். அதற்குள் மாடியில் கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. அது அடங்கியது. கோப்பையில் கரண்டி சுற்றும் ஒலி. ஒரு கோப்பை. அப்புறம் இன்னொரு கோப்பை.

பிறகு மாடிப்படி வளைவின் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது, அவளுடைய மொழியில், அவள் ஊர் இழுவையோடு.

"மியென், சாப்பிட வாங்க."

அவள் ஓடினாள். கதவு, தெரு, சறுக்கும் கல். திருமதி பிராக்கெட் பின்னாலிருந்து தொப்பியை விட்டுட்டுப் போறியே என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை. பெஞ்சைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அடிவாரத்தில் மூச்சிரைக்க, எதிரே வந்த கூட்டத்திடம் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. குடித்திருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் ரயில் ஏதோ கோளாறென்று தாமதமாகிக்கொண்டே போனது. நடைமேடைக் கடைக்காரியிடம் போன் இரவல் கேட்டாள். அம்மாவின் எண் அவளுக்கு மனப்பாடம். எழுப்பினாலும் பரவாயில்லை, திட்டினாலும் பரவாயில்லை, ஊருக்கே கூப்பிட்டுக்கொண்டாலும் சரி. கடைக்காரி அவளைத் தாண்டிப் பார்த்து, அடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். மியென் உரக்கக் கேட்டாள். கடைக்காரி காப்பி ஊற்றினாள்.

ரயில் வந்தது. ஏறி ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தாள். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, ஆனாலும் உடம்பு நடுங்குவது நிற்கவில்லை. டிக்கெட் போனில் இருந்தது, போன் மலைமேல் இருந்தது. பரிசோதகரிடம் கெஞ்சவேண்டும் என்று வார்த்தைகளைக் கோத்துவைத்தாள். அவர் வந்தார். அவளைக் கேட்காமலே கடந்து போனார். அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு கிழவர் ஏறினார். ஈரக்குடையை மடக்கி அவள் இருக்கையில் படுக்கப்போட்டார். குடை மடியில் விழவில்லை. இருக்கையில் விழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். நீலத் துணி இருக்கை. குடை. அதிலிருந்து பரவும் ஈரம்.

எதிர் இருக்கையில் மஞ்சள் தொப்பி.

எப்போது வந்து உட்கார்ந்தாளோ தெரியாது. தொப்பிக்குக் கீழே மியெனின் முகம் இருந்தது, குளிரில் சிவந்த மூக்கோடு, வாயோரம் ஒட்டிய ஸ்கோன் துகளோடு. பரிசோதகர் திரும்பி வந்தார். தொப்பிக்காரி போனை நீட்டினாள். அவர் பார்த்து, நன்றிம்மா என்றார்.

போன் ஒலித்தது. ஹுவேயில் அடுப்பு மூட்டும் நேரம்.

மியென் கத்தினாள். ம்மா. ம்மா. கிழவர் கொட்டாவி விட்டார்.

எதிரே இருந்தவள் போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். அம்மாவின் பின்னால் எலும்பு கொதிக்கும் ஆவி திரையில் தெரிந்தது.

"எங்கடி உன் ஃப்ரெண்டு?"

"ம்மா, உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்." மியெனின் குரல். அழும்போது வருகிற அதே கம்மல். "ஐவின்னு யாரும் இல்ல. நான் தனியாத்தான் வந்தேன். எனக்கு இங்க யாருமே இல்லம்மா."

அம்மா கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

"படிப்பு கிடக்கட்டும். நீ வீட்டுக்கு வா."

"வர்றேம்மா."

"எதிர்ல யாரு, காலியாவா இருக்கு? அந்த சீட்டுல காலை நீட்டிக் கொஞ்சம் தூங்கு."

மஞ்சள் தொப்பிக்காரி சிரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி எதிர் இருக்கையில் நீட்டிக்கொண்டாள். இருண்ட ஜன்னல் கண்ணாடியில் ஒரே ஒரு பெண், ஒரு குடை, ஒரு கிழவர்.