மின்னல் காட்டிய கிளி

மனித குலம் காத்திருந்த நாள் அது. வண்ணக் கிளிப் படம் காட்டுவதில் கெட்டிக்காரக் கம்ப்யூட்டர் மின்னலா, கழுகா என்ற மகத்தான கேள்விக்கு அன்று காலை விடை கிடைக்கவிருந்தது. விடை சொல்ல வேண்டியவர் கம்ப்யூட்டர் மாத இதழின் விமர்சகர். எல்லோரும் அவரைத் 'தீர்ப்பு' என்று அழைத்தார்கள். அது கேலி என்று அவருக்கு மட்டும் தெரியாது.

காலை 10.40. தீர்ப்பு மேஜைமேல் கவிழ்ந்து செத்துக் கிடந்தார். முதலில் பார்த்தவள் அவருடைய மனைவி. அதே அலுவலகத்தில் டைப்பிஸ்ட், பதினோரு வருடமாக அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் டைப் அடித்தவள். பக்கத்தில் பாதி குடித்த டீ. எதிரே மின்னலை மாட்டியிருந்த டி.வி. திரையில் கிளி. திறந்திருந்த நோட்டில் அவர் கையெழுத்து: 'மின்னல். 10.08 கேசட் போட்டது. 10.14 படம் வந்தது.' அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

11.05. இன்ஸ்பெக்டர் டீயை முகர்ந்து பார்த்தார்.

"டீ போட்டது யாரும்மா?"

"நான்தான் சார். பத்து மணிக்குக் கொண்டுவந்து வச்சேன்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது."

எந்தக் கேஸும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவள் அழவில்லை என்பதையும் குறித்துக்கொண்டார். பெண் போலீஸ் பன்னிரண்டு மணிக்கு வந்து அழைத்துப் போகும் என்றார். இதழின் ஆசிரியர் மூலையில் நின்று அட்டைப்படத்தில் கிளியைப் போடுவதா, இறந்தவரைப் போடுவதா என்று வேதனைப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு இருந்தது ஐம்பத்தைந்து நிமிடம். அறையைப் பார்த்தாள். வாசல், கணவரின் நாற்காலிக்குப் பின்னால். அங்கே நின்றால் அவர் வழுக்கைக்கு மேலே திரை முழுசாகத் தெரியும். வந்தவர்கள் உட்காரும் நாற்காலி மேஜைக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் டி.வி.யின் முதுகும் ஒயர்களும்தான். வருகிறவன் தன் முகத்தைப் பார்த்தால் போதும் என்பது தீர்ப்பின் ஏற்பாடு.

வாட்ச்மேனின் நோட்டில் ஒரே கையெழுத்து. மின்னலை விற்கும் ஏஜெண்ட், உள்ளே 10.10, வெளியே 10.20.

11.30. செய்தி கேட்டு ஏஜெண்ட் கோட்டு சூட்டில், கை நிறைய விளம்பரப் புத்தகங்களோடு வந்தார். கைக்குட்டையை ஒரு கண்ணுக்கு மட்டும் ஒற்றிக்கொண்டார். நான் அறைக்குள்ளேயே நுழையவில்லை, வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், சார் கிளியை ரசித்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார், தொந்தரவு செய்யாமல் திரும்பிவிட்டேன் என்றார். டீ என்ற இடத்தில் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கிளி எப்படி சார் இருந்துது?" என்று கேட்டாள்.

"அதையேன் கேக்கறே தங்கச்சி. நீல வானத்துல அந்தச் சிவப்பு மூக்கு, பிளேடு வச்சு நறுக்கின மாதிரி."

அவள் இன்ஸ்பெக்டரை வாசலில் நின்று பார்க்கச் சொன்னாள். அவர் சலித்துக்கொண்டே போய் நின்றார்.

"என்னம்மா இது, யாரோ கிளி வாயில குத்தின மாதிரி இருக்கு?"

மூக்கின் சிவப்பு, கட்டம் கட்டமாக வானத்தில் வழிந்திருந்தது.

"மின்னலுக்குப் பதினாறு நிறம் சார். ஆனா திரையில ஒவ்வொரு சின்னக் கட்டத்துக்குள்ளயும் ரெண்டுக்கு மேல நிக்காது. மூக்கு, உடம்பு, வானம் மூணும் சேர்ற இடத்துல ஒண்ணு வழிஞ்சுதான் ஆகணும். மின்னல் கையேட்டை இதழுக்காக டைப் அடிச்சதே நான்தான். இவர் சொல்றது விளம்பரப் புத்தகத்துல இருக்கிற கிளி. அது ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷால வரைஞ்சது."

"அப்ப இவர் படத்தையே பாக்கலையா?"

"வாசல்ல நின்னிருந்தா பாத்திருப்பார். உள்ள வந்து எதிர் நாற்காலியில உக்காந்திருக்கார், டீக்குக் கையெட்டற தூரத்துல. நுழைஞ்சது 10.10க்கு. அப்ப படம் இருக்கிற கேசட் ஓடிட்டிருக்கு, அது முடியற வரைக்கும் திரை வெறும் கறுப்பு. 10.14க்குப் படம் வந்தப்ப இவர் அந்தப் பக்கம், டி.வி.யோட முதுகுக்கு எதிர."

வெளியே போகும்போது திரும்பிப் பார்த்திருக்கலாம். விஷம் வைத்துவிட்டு ஓடுகிறவன் ஓவியம் ரசிப்பதில்லை.

இன்ஸ்பெக்டர் ஏஜெண்டின் கோட்டுப் பையில் கைவிட்டார். விளம்பரப் புத்தகத்தின் மூலையைக் கிழித்து மடித்த பொட்டலம் வந்தது. உள்ளே கொஞ்சம் வெள்ளைப் பொடி மிச்சம்.

ஏஜெண்ட் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். விளம்பரக் கிளி வெறும் பெயிண்ட் என்று எழுதப்போவதாகத் தீர்ப்பு நேற்றுப் போனில் மிரட்டினார், வந்து காலில் விழச் சொன்னார் என்றார். முந்நூறு மின்னல் விற்றிருக்கிறாராம். ஒன்றைக்கூட ஆன் செய்து பார்த்ததில்லையாம்.

11.50. விலங்கு மாட்டினார்கள். அவள் அப்போதுதான் ஏஜெண்டை நேராகப் பார்த்தாள்.

"மிரட்டறது என் வீட்டுக்காரர் வழக்கம். யாராவது கெஞ்சினா அன்னிக்கு நல்லா சாப்பிடுவார். கட்டுரையைப் போன வாரமே டைப் அடிச்சாச்சு. முதல் இடம் மின்னலுக்குத்தான்."

ஏஜெண்ட் எட்டி, முதல் தடவையாகத் திரையில் கிளியைப் பார்த்தார்.

"சோதனை பண்ணினதே இன்னிக்குத்தானேம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது போட்டோ எடுக்கறதுக்கு சார்."